சப்பாத்துப் போட்டுக்கொண்டு புவெனஸ் ஐரிஸுக்கு

மூன்றாம் வகுப்பில் என்னோடு படித்தவர்களில் பாலிக்குப் போனவன் இருந்தான், பாரிஸுக்குப் போனவள் இருந்தாள். நான் பென்டில் ஹில்லில் இருந்து பக்கத்து ஊரான பரமட்டாவுக்கு ரயிலில் போனவள். அந்த இலட்சணத்தில்தான், ஆளுக்கொரு பெரிய நகரத்தை வகுப்புக்குச் சுற்றிக்காட்ட வேண்டும், நன்றாகக் காட்டுபவருக்குப் பரிசு என்று ரீச்சர் சீட்டுக் குலுக்கினார். எனக்கு விழுந்தது புவெனஸ் ஐரிஸ். "இவள் எங்கேயுமே போனதில்லையே" என்று, பாரிஸே விழுந்த பாரிஸ்காரி சிரித்தாள். வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதேன்.

எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, வேலையால் வந்து பார்த்தார். "இதுக்கோ அழுறாய்? எழும்பு, புவெனஸ் ஐரிஸுக்குப் போட்டு வருவம்" என்று கணினியைத் திறந்தார். அதில் தெருப் படங்களுக்குள்ளே எந்த ஊரிலும் தெருத்தெருவாக நடக்கலாம். நான் பாய்ந்து கதிரையில் ஏற, மாமா முறைத்தார்.

"சப்பாத்துப் போடாமல் ஆரும் ஊர் பார்க்கப் போவினமோ?"

அன்றிலிருந்து பின்னேரமானால் சப்பாத்தும் தண்ணீர்ப் போத்தலுமாகப் புறப்படுவோம். மாமா குசினிப் பக்கம் திரும்பி, "அக்கா, போட்டு வாறம்" என்பார். "போறம்" என்று மட்டும் ஒருநாளும் சொல்லமாட்டார், அது அபசகுனம்.

"ஓம் ஓம், வரேக்க ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்பார் அம்மா.

அந்த நகரத்தின் லா போக்காவில் வீடுகளின் தகரச் சுவர்கள் மஞ்சளும் நீலமுமாக மின்னின. "எங்கட தகரக் கொட்டில்தான். பெயின்ற் அடிச்சவுடன படமெடுக்க ஆள் வருது பார்!" என்றார் மாமா. ரெகோலேட்டா மயானத்தில் கல்லறைகளே மாளிகைகள். பலேர்மோவில் ஒருவன் ஒரு கூட்டம் நாய்களோடு எந்த நாள் போனாலும் அதே இடத்தில் நின்றான். "தம்பி இன்னும் வீட்ட போகேல்லையோ?" என்று மாமா விசாரிப்பார். ஒரு தெருவைக்கூடத் தாவ விடமாட்டார். வெயில் பக்கத்தை விட்டு நிழல் பக்கமாகத்தான் நடக்க வேண்டும்.

போட்டியன்று பெற்றோரும் வந்திருந்தார்கள். பாரிஸ்காரி கோபுரத்தின் முன்னால் தான் நிற்கும் படங்களைக் காட்டினாள். என்னிடம் ஒரு படமும் இல்லை. "எல்லோரும் சப்பாத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு கண்ணை மூடுங்கள்" என்றேன். நீலத் தகர வீட்டைத் தாண்டி இடப்பக்கம் திருப்பினேன், நாய்க்கூட்டத்துக்கு வழிவிடச் சொன்னேன், மூலைக்கடையில் இளைப்பாற விட்டேன். கண்ணை மூடியபடியே பாரிஸ்காரி கேட்டாள்: "அடுத்தது எங்கே?"

முதல் பரிசு எனக்குத்தான்! கடைசி வரிசையில் வேலை உடுப்போடு நின்ற மாமா விசிலடித்தார். ரீச்சர் முறைத்தும் நிறுத்தவில்லை.

திரும்பும்போது அவர் தோளில் மகாராணி மாதிரி இருந்துகொண்டு, "மாமா, உண்மையா ஒருக்காப் போட்டு வருவமா?" என்று கேட்டேன்.

"நீ போட்டு வா பிள்ளை. மாமாவால ஏலாது."

அகதியாகப் படகில் வந்தவருக்குக் கிடைத்த விசாவில் வேலை செய்யலாம், ஆனால் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது என்பதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? பாவம், இவ்வளவு பெரிய ஆளுக்குப் பிளேன் என்றால் பயம் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். குனிந்து அவர் காதுக்குள் சொன்னேன்.

"பயப்பிடாதேங்கோ மாமா. நான் கையைப் பிடிச்சுக்கொண்டு வாறன்."