வயிற்றில் மருந்து எடுத்த கதை

கல்யாணமாகி மூன்றாவது வருடத்திலிருந்து என் வயிறு எங்கள் தெருவுக்குப் பொதுச்சொத்து ஆகிவிட்டது. செம்பாக்கம் ஏரிக்கரையில் வாக்கிங் போகும் பெண்களில் எனக்கு வைத்தியம் சொல்லாதவர்கள் பாக்கியில்லை. ஒருத்தி மலைவேம்புச் சாறு என்றாள். இன்னொருத்தி செவ்வாழை. ஜெபக்குழு அக்கா ஒருவர் தார் போலிருந்த லேகியத்தைக் கொண்டுவந்து, நான் விழுங்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் தின்றேன். பிள்ளை வேண்டுமென்ற ஆசை அப்படி. மானம், ருசி எதையும் பார்க்கவிடவில்லை.

இதில் வேடிக்கை, நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறவள். குழந்தை உண்டாக இரண்டு பேர் வேண்டும் என்று வருடா வருடம் போர்டில் படம் போட்டு விளக்குகிறேன். அந்தப் பாடம் எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

ஆரம்பத்திலேயே நான் போய்ப் பார்த்த டாக்டரம்மா என்னைப் பரிசோதித்து, "உங்களுக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு. அடுத்து அவருக்கு ஒரு டெஸ்ட் எடுக்கணும், கூட்டிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார். என் கணவர் "பார்க்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். மாமியார் இன்னும் தெளிவாகவே சொன்னார்: "அவனுக்கு என்ன குறை? எங்க பரம்பரையில ஆம்பளைங்களுக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது." பிள்ளை பெறாத ஒருவன் யாருடைய பரம்பரையிலும் தாத்தாவாக வரமுடியாது என்பதை அவருக்கு எப்படி விளக்குவது?

பிறகுதான் குன்றத்தூர் தாண்டி ஒரு ஆள் மருந்து எடுக்கிறார் என்று மாமியார் கேள்விப்பட்டார். யாரோ ஆகாதவர்கள் சாப்பாட்டில் எதையோ கலந்து கொடுத்திருப்பார்களாம். அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு கரு தங்கவிடாதாம். இரைப்பையிலிருந்து கருப்பைக்கு எது வழி என்று நான் கேட்டதற்கு, "படிச்ச திமிர்" என்று பதில் வந்தது. நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சபைக்குப் போகிற குடும்பம். கோயில் மரத்தில் தொட்டில் கட்டினால் எங்களுக்குப் பாவம், தாயத்து அதைவிடப் பாவம். ஆனால் இது மருந்துதானே, ஆயருக்கு மட்டும் தெரியவேண்டாம் என்று மாமியார் ஒரு வழி கண்டுபிடித்தார்.

அந்த ஆள் என் தொப்புளுக்குக் கீழே ஒரு பித்தளைக் குழலை வைத்து அழுத்தி, கன்னம் குழிய உறிஞ்சி, எவர்சில்வர் தட்டில் துப்பினார். சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை, அதில் இரண்டு முடி. கொழுக்கட்டைக்குப் பிசைந்த மாவு போல இருந்தது.

"பாரும்மா, எத்தினி வருசமா உள்ள குந்திகினு கீது" என்றார். மாமியார் "ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்தார்.

"சாரும் அதே சோத்ததான துன்னிருப்பாரு? அவுரு வயித்தையும் பாத்துடலாம்" என்றார் அடுத்து.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கணவரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். லேபில் ஒரு சின்ன டப்பாவை வாங்கினால் கௌரவம் போய்விடும் என்று இத்தனை நாள் மறுத்த மனிதர், பாயில் மல்லாந்து படுத்து, முன்பின் தெரியாத ஒருவரின் வாய்க்குத் தொந்தியைக் காட்டினார். அவருக்கு என்னுடையதைவிடப் பெரிய உருண்டையாக வந்தது.

திரும்பி வரும்போது, "இப்போ டெஸ்ட்டும் எடுத்துடலாமே?" என்று கேட்டேன்.

"அதான் எடுத்தாச்சே. கொஞ்சம் பொறு."

பொறுத்தேன். அடுத்து ஊசி குத்துகிறவர், அதற்கடுத்து நாடி பார்க்கிறவர் என்று வருடங்கள் போயின. குத்தியதும் எனக்கு, பத்தியமும் எனக்கு. கடைசியில் என் கணவர் சபைக் கமிட்டித் தேர்தலில் நின்றபோது எனக்கு நல்ல புத்தி வந்தது. "ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லுற நேரத்துல நான் எழுந்து நிப்பேன். நீங்க குன்றத்தூர்ல சட்டையைக் கழட்டினதைச் சொல்லுவேன். இல்லன்னா லேபுக்கு வாங்க" என்றேன். மறுநாள் காலையிலேயே வந்தார்.

குறை அவரிடம் இருந்தது. பெரிய குறைகூட இல்லை. அப்போதே வந்திருந்தால் சுலபமாகச் சரிசெய்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. இப்போது என் கருமுட்டைகள் குறைந்துவிட்டன, இனி நம்பிக்கை வைப்பது கஷ்டம் என்றும் சொன்னார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

"இவ்வளவு வருஷமா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?" என்று என்னைத்தான் கேட்டார். என் கணவர் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவருக்கு ஒரு டெஸ்ட் எடுக்காம இருக்கிறதுக்காக, எனக்கு வைத்தியம் பார்த்துட்டு இருந்தாங்க டாக்டர்" என்றேன்.