அவரை நடக்க விடவில்லை

நான்கு வருடங்களுக்கு முன், கீழ் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. என் கணவர் தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கும் இடத்தில் இருபது வருடம் தூசி குடித்தவர். போதாததற்கு பீடி வேறு. நுரையீரல் கெட்டு, நாலு எட்டு வைத்தாலே மூச்சு இளைத்ததால் வேலையை விட்டுவிட்டார்.

ஒருமுறை தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர், “டாக்டர் தெனமும் நடக்கச் சொன்னாரு புள்ள” என்றார். நான் நம்பவில்லை. பீடிக் கடைக்குப் போக வழி தேடுகிறார் என்றே நினைத்தேன்.

“மூச்சு முட்டுற மனுசனை எந்த டாக்டரு நடக்கச் சொல்லுவாருங்க?”

அவர் சிரித்துவிட்டுத் தேயிலைக்கு நடுவே உள்ள பாதையில் போவார். பத்தடிக்கு ஒருமுறை நின்று, உதட்டைக் குவித்து ஊதிவிட்டு மறுபடி நடப்பார். இலை எடை போடப் போன பெண்கள் அதைப் பார்த்துவிட்டார்கள்.

“ஏனுங்கக்கா, ஊட்டுக்காரரை இந்தக் கோலத்துல அலைய உட்டுட்டீங்களே?”

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எனக்கு அவமானமாகிவிட்டது. அன்றே அவர் செருப்பை விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். காபி, சோறு, வெந்நீர் எல்லாம் கட்டிலுக்கே போயின. புருசனைத் தாங்குவது என்றால் இவளைப் போலத் தாங்க வேண்டும் என்று எங்கள் லயன் வீடுகளில் பேசினார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான். செருப்பு எங்கே என்று அவர் ஒரே ஒரு முறை கேட்டார். நான் அதட்டியதும் படுத்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து அவருக்கு மூச்சு மோசமாகவே, குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா அவர் காலைத் தொட்டுப் பார்த்தார். சதையே இல்லை. எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று என்னிடம் கேட்டார்.

“கட்டிலை உட்டு எறங்கவே உடறதில்லீங்க” என்றேன், பெருமையாக.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். படுத்தே இருந்தால் கால் சோர்ந்து, மூச்சு இன்னும் சீக்கிரம் வாங்கும், நின்று நின்றாவது நடப்பதுதான் இவருக்கு நல்லது என்று பொறுமையாகச் சொன்னார். என் கணவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘நான்தான் சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து கையைப் பிடித்து நடத்தினேன். வாசல் குழாயடியைத் தாண்ட முடியவில்லை.

“இன்னும் ரெண்டு எட்டு போலாம் புள்ள” என்பார். கால் கேட்காது.

அந்த வருட மழையில் சளி கட்டி, ஒரே வாரத்தில் போய்விட்டார். நடந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாதும்மா, நோய் அப்படி என்றார் அந்த டாக்டரம்மா. சாவுக்கு வந்தவர்களோ, ராசாவாட்டம் வைத்துப் பார்த்தாள் என்று என்னைப் புகழ்ந்தார்கள். என்னால் தலை நிமிர முடியவில்லை.

கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்பதைத் தவிர அந்த மனுசன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. பாசம் என்று நினைத்து அதையும் மறுத்தவள் நான் என்பதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.