ஃப்ரிட்ஜில் ஒட்டிய பெயர்

தப்பாகச் சொல்லிவிட்டு மறுநாளும் தைரியமாக வேலைக்கு வருகிறவர்கள் இரண்டே பேர்தான்: டிவியில் மழை வரும் என்று சொல்கிறவர் ஒருவர், நான் ஒருவன்.

அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு ஏப்ரலிலும் டிராஃப்ட் என்று ஒன்று நடக்கும். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை அணிகள் வரிசைப்படி, ரவுண்டு ரவுண்டாக, ஒவ்வொருவராகப் பொறுக்கிக்கொள்ளும். போன வருஷம் நன்றாக உதை வாங்கிய அணிக்கு வரிசையில் முன்னிடம். நியூஜெர்சியில் ஆடும் ஓர் அணி யாரையெல்லாம் பொறுக்கும் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டு ஒரு இணையதளத்தில் எழுதுவது என் வேலை. அணியின் பெயர் வேண்டாம். நீங்களும் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறவராக இருந்தால் இந்நேரம் பெருமூச்சு விட்டிருப்பீர்கள்.

எந்த ரவுண்டு?

எங்கள் வீட்டுப் பக்கத்தில், ஐசலினில் ஒரு ஓட்டலில் மசால் தோசைக்குக் காத்திருந்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த அங்கிளிடம் என் மனைவி கவிதா பேச்சுவாக்கில் என் வேலையைச் சொல்லிவிட்டாள். அவர் கண் விரிந்தது. யார் எங்கே போவார்கள் என்று முன்னாடியே சொல்வீர்களா என்று கேட்டார். சொல்வேன், ஆனால் பெரும்பாலும் நடக்காது என்றேன். அதை அவர் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

தோசை வந்தது. நான் சாப்பிட விடாமல், அணிகள் எதை வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கின்றன, வயசு பார்ப்பார்களா, காத்திருப்போர் வரிசை உண்டா என்றெல்லாம் விசாரித்தார். அவருக்குக் கால்பந்தில் இவ்வளவு ஆர்வமா என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது. கை கழுவிவிட்டு வந்து என் காதருகே குனிந்தார்.

"அந்தப் பசங்க எல்லாம் எங்கயோ போகட்டும் தம்பி. என் கிரீன் கார்டு எந்த ரவுண்டுல வரும்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

ஜனவரிப் பட்டியல்

ஜனவரியில் முதல் பட்டியல் போடுவேன். அதை கவிதா பிரின்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டுவாள். அதற்குப் பிறகு ஏப்ரல் வரை நான் பட்டியலைக் குறைந்தது இருபது தடவை மாற்றுவேன். ஃப்ரிட்ஜில் இருப்பது மட்டும் அப்படியே இருக்கும். என்னைப் போல் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த வியாதி தெரியும். காலையில் பல் தேய்க்கும்போது ஒரு பெயர் சரி என்று தோன்றும், காபி குடிக்கும்போது வேறு பெயர். ஃபோனைக் கீழே வைத்தால் கை அரிக்கும்.

இந்த வருஷம் அரிப்பு இரண்டு மடங்கு. கவிதாவுக்கு கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில், நல்ல வேலை ஒன்று வந்திருந்தது. டிராஃப்ட் வியாழக்கிழமை, அவள் பதில் சொல்லவேண்டியது வெள்ளிக்கிழமைக்குள். எங்கள் இணையதளத்தை நடத்தும் ஹக்கீம் பாயோ, இறுதிப் பட்டியலில் முதல் பெயரைச் சரியாகச் சொன்னால் என்னை நியூஜெர்சியிலேயே முழுநேர ஆளாக்குவதாகவும், இல்லையென்றால் ஒப்பந்தம் அதோடு சரி என்றும் சொல்லியிருந்தார். நான்கு வருஷமாக முதல் பெயர் எனக்குத் தப்பிக்கொண்டே இருந்தது. எனக்கு இந்த ஊரை விட்டுப் போக மனசில்லை. பத்தாவது படிக்கும் மகள் இனியாவுக்கும் இல்லை. பலித்தால் இருப்போம், பலிக்காவிட்டால் கிளம்புவோம் என்று கவிதா ஒப்புக்கொண்டாள். இந்த வருஷப் பட்டியலின் முதல் வரியில் டெக்ஸாஸ் பையன் ஒருவன் இருந்தான். எதிராளி வந்து மோதாமல் மறித்து நிற்கிற முன்வரிசைக்காரன். இனியா பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கப் போனவள், அந்த வரியைப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, ப்ளீஸ். ஜஸ்ட் டோன்ட் டச் இட்."

கொட்டாவி

மார்ச்சில் அந்தப் பையன் படித்த கல்லூரியில், அணிக்காரர்கள் எல்லாரும் வந்து பார்க்க ஆடிக்காட்டும் நாள். டெக்ஸாஸுக்கு விமானம் ஏறினேன். ஹக்கீம் பாய் டாலஸ் பக்கம்தான் இருக்கிறார், சொந்த ஊர் காயல்பட்டினம். அவரே காரில் வந்து ஏற்றிக்கொண்டு போனார். எல்லாரும் பையன்களைப் பார்த்தார்கள். நான் எங்கள் அணியின் பயிற்சியாளரை மட்டும் இரண்டு மணிநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் ஓடியபோது அவர் கொட்டாவி விட்டார். நம் பையன் ஓடியபோது வாயை மூடிக்கொண்டு குனிந்து ஷூ லேஸைக் கட்டினார்.

ஆர்வத்தை மறைக்கத்தான் குனிந்தார் என்று நான் காரில் அடித்துச் சொன்னேன். லேஸ் அவிழ்ந்திருக்கலாமே என்றார் ஹக்கீம் பாய். அவிழவில்லை, நான் பார்த்தேன் என்றேன். அவர் வண்டியை ஃப்ரீவேயில் ஏற்றினார். பிறகு ரேடியோவைக் குறைத்தார்.

"தம்பி, ஒங்க கண்ணு நல்ல கண்ணு. அதெ ஒங்களுக்கே நம்பத் தெரியலெ, அதான் வெசனம்."

மூன்று பேர் சொன்ன செய்தி

ஏப்ரல் பிறந்ததும் எங்கு பார்த்தாலும் ஒரே பேச்சு. எங்கள் அணிக்கு ஒஹாயோவில் ஆடும் குவார்ட்டர்பேக் ஒருவன் மேல் கண்ணாம். பந்தை எறிகிற பையன், அழகாகவும் இருப்பான். ஒரு பாட்காஸ்டில் சொன்னார்கள். ரேடியோவில் சொன்னார்கள். பிறகு கோட்டு சூட்டு போட்டவர்கள் டிவியில் சொன்னார்கள். நான் நம்பவில்லை. ஆனால் நம்மூர்க் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டே ஃபோனையும் பார்த்தேன். ஒடித்ததை எல்லாம் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார் கடைக்காரர்.

மில்பிடாஸில் முருகேஷ் என்று என் நண்பர் இருக்கிறார். அந்தப் பக்கத்து அணிக்கு இதே வேலை செய்கிறவர், நிதானமானவர். வியாழன் காலை அவரை அழைத்தேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றார். அந்த ஒரு மணிநேரம் நான் வீட்டுக்குள் நடந்த நடைக்குக் கார்ப்பெட்டே தேய்ந்திருக்கும். கவிதா ஆபீஸில், இனியா ஸ்கூலில். ஃப்ரிட்ஜ் பக்கம் மட்டும் நான் போகவில்லை. ஃபோன் அடித்தது.

"மூணு பேர் கிட்ட செக் பண்ணிட்டேன் பாஸ். மூணு பேரும் அதே பேரத்தான் சொல்றாங்க. குவார்ட்டர்பேக் கன்ஃபர்ம்."

பகல் பன்னிரண்டு மணிக்கு முதல் வரியை அழித்துவிட்டு ஒஹாயோ பையனைப் போட்டேன். இறுதிப் பட்டியல் வெளியானது.

எங்கிருந்து வந்தது

சாயங்காலம் மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். எங்கள் அணியின் முறை வந்தது. மேடையில் ஒருவர் சீட்டைப் பிரித்து, டெக்ஸாஸ் பையனின் பெயரைப் படித்தார். அந்தப் பையனின் அம்மா அழுதார். இனியா எழுந்து தன் அறைக்குப் போனாள். நான் டிவியை அணைத்தேன்.

முருகேஷ் மறுபடி கூப்பிட்டார், குரலே எழும்பவில்லை. தனக்கே மனசு கேட்காமல் அந்தச் செய்தியின் வேரைத் தோண்டிப் பார்த்திருக்கிறார். டிவிக்காரர் ரேடியோவில் கேட்டது, ரேடியோக்காரர் பாட்காஸ்டில் கேட்டது. பாட்காஸ்ட்காரர் ஜனவரியில் எங்கோ படித்தது. எங்கே என்று நான் கேட்டேன்.

"உங்க சைட்லதான் பாஸ். நீங்க எழுதின கட்டுரை, கடைசி வரி."

நினைவு வந்தது. அன்றைக்குக் கட்டுரையில் இரண்டு வரி குறைந்தது. இடத்தை நிரப்ப, 'ஒஹாயோ பையன் மேலும் அணிக்கு ஒரு கண் இருக்கலாம்' என்று சும்மா எழுதி வைத்தேன். நான் விட்ட புரளி நாடு முழுக்கச் சுற்றி, மூன்று மாதத்தில் உறுதியான செய்தியாக என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்கு மில்பிடாஸ்காரர்களுக்குச் சரியென்று எழுதிவிடு என்றும் சொன்னேன். மத்தியானமே எழுதிவிட்டதாக அவள் சொன்னாள். டிராஃப்டே தொடங்கவில்லையே, அப்போது எப்படித் தெரியும் என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவள் ஃப்ரிட்ஜிலிருந்து ஜனவரிப் பட்டியலை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

"யாரை எடுப்பாங்கன்னு எனக்கென்னங்க தெரியும்? பன்னண்டு மணிக்கு நீங்க பேரை மாத்துனது ஃபோன்ல வந்துச்சு. அஞ்சு வருசமாப் பாக்கறேன், நீங்க கடைசி நாள்ல மாத்துனா அது தப்பாத்தான் இருக்கும்."

இப்போது மில்பிடாஸுக்குப் பக்கத்தில், கலிஃபோர்னியாவில் இருக்கும் டப்ளினில் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டில் டிராஃப்டைச் சரியாகக் கணித்த ஒரே ஆள் கவிதாதான், அவளுக்கு இன்றைக்கும் குவார்ட்டர்பேக் எந்தப் பக்கம் நிற்பான் என்று தெரியாது.