தவமலரக்காவின் டேங்க் கிளீனர்

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் கட்டடத்தில் என் வீட்டுக்கு எதிர்க் கதவு தவமலரக்காவுடையது. சாறி பிளவுஸ் தைப்பது அவர் தொழில். கல்யாணக் காலம் வந்தால் பெருந்தெருவான காலி வீதியின் கடைகளில் சாறி எடுத்த பெண்கள் நேரே அவர் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். அளவெடுக்கும்போது, "போன முறையை விடக் கொழுத்திட்டீர், பிள்ளை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அதற்காக நான் எத்தனையோ தரம் அவரோடு கோபித்திருக்கிறேன். ஆனாலும் வேறு யாரிடமும் பிளவுஸ் தைக்கக் கொடுத்ததில்லை. அவர் கணவர் நவரத்தினம் அண்ணை, இரும்புக் கடையொன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர்.

தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மீன்தொட்டி. வீட்டில் யாருக்காவது கண்டம் வந்தால் ஒரு மீன் செத்து அதைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் என்பது அக்காவின் நம்பிக்கை. அண்ணை ஆட்டோவில் அடிபட்டு வெறும் சிராய்ப்போடு தப்பியபோது ஒரு கோல்ட் ஃபிஷ் செத்தது. மகளின் பிரசவம் சிக்கலாகி நல்லபடி முடிந்தபோது இன்னொன்று.

"நீர் அள்ளி அள்ளிச் சாப்பாடு போட்டால் மீன் சாகாமல் என்ன செய்யும்?" என்பார் அண்ணை.

தொட்டியின் அடியில் டேங்க் கிளீனர் என்கிற கறுத்த மீனொன்றும் கிடந்தது. உடம்பெல்லாம் ஓடு ஓடாகக் கவசம். வாயைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். ஒரு சாணுக்கு வளர்ந்திருந்தது. அக்கா அதை மீன் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வேலைக்கு வந்த ஆளைப் போலத்தான் நடத்துவார்.

போன வருஷம் அண்ணைக்கு பைபாஸ் செய்யவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கிழமை முழுக்க அக்கா ஒரு கண்ணைத் தொட்டியில் வைத்துக்கொண்டே தைத்தார். பிளவுஸின் வலது கையை இடது பக்கம் பொருத்திவிட்டு, பிறகு இருந்து பிரிப்பார். மீன்களோ வாலை ஆட்டிக்கொண்டு சுகமாக நீந்தின.

"ஒண்டுகூடச் சாகுதில்லை, உஷாந்தி" என்றார் என்னிடம். வேறு நேரமென்றால் சிரித்திருப்பேன். அவர் முகத்தில் இருந்த பயம் என்னைச் சிரிக்க விடவில்லை.

ஒப்பரேஷன் அன்று காலை என் கதவைத் தட்டினார். கையில் பழைய பேப்பரில் சுற்றிய ஏதோ ஒன்று. டேங்க் கிளீனர் தொட்டியை விட்டுக் குதித்து நிலத்தில் காய்ந்துபோய்க் கிடந்ததாம்.

"அவருக்கு வந்ததை இது எடுத்திட்டுது" என்றார். முகம் தெளிந்திருந்தது. எனக்கும் மனசு லேசாகியது.

அப்போது பேப்பர் அசைந்தது. பிரித்துப் பார்த்தோம். செவுள் மெல்லத் திறந்து மூடியது. தண்ணீர் இல்லாமலே மணிக்கணக்காகத் தாங்கக்கூடிய சாதி அது என்று பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

"அப்பிடியே வையுங்கோ அக்கா. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போட்டு வருவம்" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நவரத்தினம் அண்ணைக்காகப் பத்து மீனைக் கொடுக்கவும் எனக்குத் தயக்கமில்லை.

அக்கா பேப்பரை இன்னும் விரித்துப் பார்த்தார்.

"மூச்சு விட்டுக்கொண்டு கிடக்குது. இதைச் சாக விட்டிட்டு நான் எப்பிடி அவரின்ர முகத்தைப் பாக்கிறது?"

திரும்பிப் போய் அதைத் தொட்டியில் விட்டார். அது அடியில் போய் ஒட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் அண்ணையை ட்ரொலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவடியில் அவர் அக்காவின் கையைப் பிடித்தார். இத்தனை வருஷமும் நக்கலடித்த மனுஷன் மெல்லக் கேட்டார்.

"மீன் ஏதும் செத்ததோ?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"ஓம்."

"எது?"

"டேங்க் கிளீனர்."

"பாவம்" என்று அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். இறுக்கிப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அவரை உள்ளே கொண்டுபோனதும் அக்கா சுவரோடு சாய்ந்தார்.

"வீட்டை வந்து அதைக் கண்டிட்டு என்னை ஏசட்டும்" என்றார். "எவ்வளவு வேணுமெண்டாலும் ஏசட்டும்."

பத்து நாளில் அண்ணை வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருத்தியதும், கண்ணாடியில் ஒட்டிக் கிடந்ததைக் கண்டுவிட்டார்.

"இது செத்ததெண்டெல்லோ சொன்னனீர்?"

"ஓம்."

"அப்ப எனக்கு வந்ததை ஆர் எடுத்தது?"

அக்கா தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்து அழுதார். டொக்டர் சொன்ன நாளிலிருந்து அதுவரை அவர் அழுது நான் பார்க்கவில்லை.