டிஸ்க்கைக் கழற்றியதும் வந்த படங்கள்

பாளையம்பட்டியில் என் போட்டோ கடையில் இருக்கும் கம்ப்யூட்டர் பழையது. புது விண்டோஸை இது தாங்காது என்று சர்வீஸ்காரர் கைவிரித்ததும், வீம்புக்கு லினக்ஸ் போட்டுக்கொண்டேன். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கும்போது பெரிய ஆள் மாதிரி ஒரு மிதப்பு வரும். அது பதில் சொன்னதும் மிதப்பு இறங்கிவிடும், ஏனென்றால் பாதி எனக்குப் புரியாது.

ஒன்றை மட்டும் உருப்படியாகச் செய்து வைத்திருந்தேன். 'பேக்கப்' என்று ஒரு ஃபோல்டர். வெளியே செருகியிருக்கும் ஹார்டுடிஸ்க் அதற்குள்தான் தெரியும். அன்றன்று எடுத்த படங்களை அதில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் இருப்பதை அழிக்க நாலு வரிக் கட்டளை எழுதியிருந்தேன். தினமும் சாயங்காலம் அது தானாக ஓடும்.

ஆயுத பூஜையன்று நரிக்குடிப் பக்கம் ஒரு குலசாமி கோயிலில் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்திருந்த தாய்மாமன் பட்டாளத்துக்காரர். ஏதோ பேச்சு முற்றி, தங்கச்சியோடு பல வருஷம் முகம் கொடுக்காமல் இருந்தவர். காதுகுத்துக்காகவே வந்து, அன்றைக்கே ரயிலேறிவிட்டார். நான் கடைக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன், படங்களை ஏற்றினேன், வீட்டுக்குப் போய்ச் சுண்டல் தின்றேன்.

மறுநாள் 'பேக்கப்'பைத் திறந்தால் காதுகுத்து இல்லை. முந்தின வாரத்துக் கல்யாணம் இருக்கிறது, அதற்கு முந்தின வளைகாப்பு இருக்கிறது, இது மட்டும் இல்லை. கேமரா கார்டையும் வழக்கம்போல அழித்து, காலையிலேயே ஒரு பால்காய்ப்பு எடுத்து வந்துவிட்டேன்.

"நேத்து இந்த டிஸ்க்க யாரும் தொட்டீகளா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நீங்க காதுகுத்துக்குப் போனதும் நாந்தான் கடையில வந்து கழட்டிச் சாமிகிட்ட வச்சேன். பொழப்பு அதுலதான இருக்கு? காலையில மறுபூஜை முடிஞ்சுதான் எடுத்துச் செருகுனேன்."

சாமி முன்னால் வைத்ததை மறுபூஜை வரைக்கும் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். டிஸ்க்கின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. என் குழப்பம் இன்னும் கூடியது. டிஸ்க்கே இல்லையென்றால் கம்ப்யூட்டர் கத்தியிருக்க வேண்டாமா? அது வேலை முடிந்தது என்றல்லவா எழுதி வைத்திருந்தது! எங்கே முடிந்தது? பெயர் சொல்லித் தேடச் சொன்னேன், இல்லை என்றது. இடம் எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன், உள் டிஸ்க்கில் ஏகப்பட்ட இடம் போயிருப்பதாகச் சொன்னது. எது அடைத்திருக்கிறது என்று கேட்டால் எதுவுமே அடைக்கவில்லை என்றது. ஒரே மிஷின், ஒரே வாய், இரண்டு பேச்சு. எனக்குக் கோபத்தில் அழுகையே வந்தது.

அந்த நேரம் பார்த்துக் காதுகுத்துப் பிள்ளையின் அம்மா வந்து நின்றார்.

"அண்ணே, எங்கண்ணன் மடியில பிள்ள இருக்கிற படத்த மட்டுமாவது குடுங்க. அவுக போன் போட்டுக் கேக்குறாக. செல்லுல எடுத்தவுக எல்லாம் காது குத்துன ஆசாரி முதுகைத்தான் எடுத்திருக்காக."

பொய் சொல்ல வாய் வரவில்லை. படம் காணோம் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, "எங்கண்ணன்ட்ட நான் என்னண்ணே சொல்லுவேன்? இப்பத்தான் பேசவே ஆரம்பிச்சிருக்காக" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அழிந்த படங்களை மீட்டுத் தருபவர்கள் மதுரையில் இருக்கிறார்களாம். டிஸ்க்கைக் கொண்டுபோவோம் என்று, அதை விடுவிக்கும் கட்டளையை அடித்துக் கழற்றினேன். கம்ப்யூட்டர் அதை விட்டுவிட்டதா என்று பார்க்க 'பேக்கப்'பைத் திறந்தேன். காலியாக இருக்க வேண்டிய ஃபோல்டரில் காதுகுத்துப் படங்கள் வரிசையாக நின்றன.

டிஸ்க் கையில் இருக்கிறது, படம் திரையில் இருக்கிறது. திரும்பச் செருகினேன், படங்கள் போய்விட்டன. கழற்றினேன், வந்தன. கிறுக்குப் பிடித்தவன் மாதிரி இதையே செய்துகொண்டிருந்தேன். அப்புறம்தான் மெல்ல விளங்கியது. டிஸ்க் இல்லாத அன்று, கம்ப்யூட்டர் அந்த வெறும் ஃபோல்டருக்குள், தன் சொந்தத் தரையிலேயே படங்களை வைத்திருக்கிறது. மறுநாள் டிஸ்க் வந்து அதன் மேல் பாய் விரித்த மாதிரி உட்கார்ந்து, படங்களை மறைத்துக்கொண்டது. அப்படித்தான் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் அதைக் கம்ப்யூட்டர் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

"கெடச்சிருச்சா?" என்று எழுந்து வந்தார் அந்த அம்மா. ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஊசி இறங்கும் படம் வந்தது. பிள்ளை வீறிட்டு அழுகிறது. பின்னால் இவர், பார்க்கப் பொறுக்காமல் சேலைத் தலைப்பால் முகத்தை மூடித் திரும்பி நிற்கிறார். பிள்ளையை இறுக்கிப் பிடித்திருக்கும் மாமன் பிள்ளையைப் பார்க்கவில்லை. திரும்பி நிற்கும் தங்கச்சியைப் பார்க்கிறார். கன்னத்தில் கண்ணீர் ஓடுகிறது.

"எங்கண்ணன் அழுதாகளா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பஸ் இரைச்சலுக்கு மேல், "அண்ணே, நாந்தேன்" என்று அவர் சொன்னது மட்டும் கேட்டது.