எடுக்கச் சொன்ன வரி

சீவி என்று எல்லோரும் சொல்லும் என்னுடைய சுயவிபரக்கோவையைத் தட்டித் தந்தது, துறைமுகப் பக்கம் போட்டோப்பிரதியும் டைப்பிங்கும் செய்யும் ஒரு கொமினிகேசன் கடை. இந்தப் பகுதியில் வேலை தேடுகிற முக்கால்வாசிப் பேரின் சீவி அந்தக் கடைக் கம்பியூட்டரில்தான் பிறக்கிறது. பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மாற்றினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். எல்லோரும் கடின உழைப்பாளிகள். எல்லோருக்கும் பொழுதுபோக்கு வாசிப்பு. அந்தக் கணக்குப்படி திருகோணமலையில் நூலகங்களில் இருக்க இடம் கிடைக்கக்கூடாது.

நான் எழுதிக்கொண்டு போன தாளில் பொழுதுபோக்கு இருக்கவில்லை. ஒரு தயிர்க் கம்பனி மார்க்கெட்டிங் வேலைக்கு ஆள் கேட்டு விளம்பரம் போட்டிருந்தது. எட்டு மாதமாகப் பாலையூற்றில் வீட்டோடு கிடந்த எனக்கு அந்த வேலை வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், வேறு எதையும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. கதவடியில் வெயில் விழுகிற இடத்தைப் பார்த்தே நேரம் சொல்லப் பழகியிருந்தேன்.

அதற்கு முன் நான் வேலை செய்தது, திமிங்கிலம் பார்க்கப் படகில் ஆட்களைக் கூட்டிப்போகும் ஒருவரிடம். படகு அவருடையது, பேஸ்புக் பக்கம் என் பொறுப்பு. ஒவ்வொரு நாளும் படகு திரும்பியதும் ஓட்டியிடம் கேட்டு எழுதுவேன். கண்டால் கண்டது. காணாவிட்டால், ‘இன்று காணவில்லை’. அப்படி எழுதத் தொடங்கிய பிறகுதான் படகில் இடம் கேட்டுப் போன் ஓயாமல் அடித்தது. இல்லாததை இல்லை என்று சொல்கிறவள், உண்டு என்றால் நம்பலாம் என்று சனம் நினைத்தது. பிறகு ஒருமுறை தொடர்ந்து நாலு நாள் துறைமுக வாயைத் தாண்டி ஒன்றுமே தெரியவில்லை. நாலு நாளும் அதையே எழுதினேன். ஐந்தாம் நாள் முதலாளி பக்கத்தின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, இனி வரவேண்டாம் என்றார்.

இதைத்தான் சீவியில் மூன்று வசனமாக எழுதியிருந்தேன். ஒவ்வொரு நாளும் கடலில் கண்டதை எழுதினேன். காணாத நாளில் காணவில்லை என்று எழுதினேன். அதற்காக வேலையிலிருந்து நிறுத்தப்பட்டேன்.

தட்டிக்கொண்டிருந்த பிள்ளையின் விரல் மூன்றாவது வசனத்தில் நின்றுவிட்டது.

“அக்கா, இந்தக் கடைசி வரிய விடுவமே?”

“ஏன்?”

“நிப்பாட்டினதை ஆரும் சீவியில போடுறேல்லை அக்கா.”

“நான் போடுறன். அடியும் பிள்ளை.”

அவள் பாவம், அடித்தாள். வாட்ஸ்அப்பிலும் ஒரு பிரதி அனுப்பிவிட்டாள். துறைமுகத்தில் வேலை செய்யும் என் கணவர் வீட்டுக்கு வந்து அதை வாசித்ததும் தலையில் கை வைத்தார்.

“உமக்கு விசரே? ஆராவது தன்ர குற்றத்தைத் தானே எழுதிக் குடுப்பினமே?”

குற்றமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் செய்த வேலையில் ஆகத் திறமான பகுதி அதுதான். பொருளை விற்பது என்றால் இல்லாததைச் சொல்வது என்று இவர்கள் எல்லோரும் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்? திமிங்கிலத்துக்கு நேர அட்டவணை நானா போட்டுக் கொடுக்கிறேன்? எதையும் மாற்றாமல் அப்படியே அனுப்பினேன்.

கூப்பிட்டார்கள். நேர்முகம் செய்தவர் கம்பனியின் இங்குள்ள முகாமையாளர். வாசித்துக்கொண்டே வந்தவர் அந்த வரியில் நின்றார்.

“இதை ஏன் போட்டனீங்கள்?”

“நடந்தது அதுதான் சேர்.”

“எங்கட தயிர் ஒரு நாள் புளிச்சுப் போனா அதையும் எழுதுவீங்களோ?”

“ஓம் சேர். இண்டைக்கு வாங்காதேங்கோ, நாளைக்கு நல்ல தயிர் வருது எண்டு எழுதுவன். நாளைக்குக் கட்டாயம் வருவினம்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். வெளியே வந்தபோது என் கால் நிலத்தில் படவில்லை.

மூன்றாம் நாள் அவரே போன் எடுத்தார். “உங்களைத்தான் எடுக்கிறம். ஒரு சின்ன விசயம். சீவி கொழும்புக்குப் போகவேணும். அந்தக் கடைசி வரி இல்லாம ஒரு பிரதி அனுப்பிவிடுங்கோ. அங்க இருக்கிற ஆக்களுக்கு விளங்காது.”

“ஒரு வரிதானே,” என்றார் கணவர். “எட்டு மாசம் காத்திருந்தனீர்.”

அவர் சொன்னதில் பிழையில்லை. போனில் கோப்பைத் திறந்து அந்த வரியை அழித்தேன். வாசித்துப் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. கீழே, எங்கள் நாட்டுச் சீவி எல்லாவற்றிலும் இருப்பதுபோல, மேற்கூறியவை யாவும் உண்மையென உறுதிப்படுத்துகிறேன் என்று ஒரு வசனமும் என் கையெழுத்தும். அழித்த பிறகும் அதில் பொய் என்று ஒன்றும் இல்லை. அதுதான் என்னை வதைத்தது. வாசிக்கிற எவரும் நானாகவே விலகியதாக நினைப்பார். காணவில்லை என்று எழுதுவது பெரிய காரியமா? அதற்காக வேலை போனது என்ற வரி இல்லாவிட்டால், அது எந்த நட்டமும் இல்லாமல் சொன்ன உண்மை. அப்படி ஒரு உண்மையை யாரும் சொல்லலாம்.

அழித்ததைத் திருப்பிப் போட்டேன். “மாற்றவில்லை சேர், மன்னியுங்கோ” என்று எழுதி அனுப்பினேன்.

பதில் வரவில்லை. ஒரு கிழமை பொறுத்து நானே முகாமையாளருக்குப் போன் எடுத்தேன். வேறு ஒருவரை எடுத்துவிட்டதாகச் சொன்னார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். போன வேலைக்காக அழுதேன். எழுதியதற்காக ஒரு சொட்டும் அழவில்லை.

கணவர் கதவைத் தட்டினார். “அழுறதெண்டா அறைக்குள்ள போய் அழும். நான் தேத்தண்ணி போடவேணும்.”

எனக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. கதவைத் திறந்தேன். அவர் தண்ணீரைக் கொதிக்க வைத்தார், நான் போனைத் திறந்தேன். அந்த மூன்று வசனத்தையும் அடியிலிருந்து வெட்டி எடுத்து, என் பெயருக்கு நேர் கீழே, எல்லாவற்றுக்கும் முதலில் ஒட்டினேன். தேநீர் வருவதற்குள் வேறு நாலு கம்பனிக்கு அனுப்பிவிட்டேன்.