வாரம் ஒருமுறை கேன்சர் மாத்திரை

எனக்குச் சொரியாசிஸ் வந்த நாளிலிருந்து, கெர்லிங்கில் இருக்கும் என் தம்பி வீட்டில் எனக்கென்று ஒரு தட்டும் குவளையும் தனியாகிவிட்டன. "ஒட்டாதுடா" என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். தலையாட்டுவான், தட்டு மட்டும் மாறாது. தோலைப் பற்றி அவன் பெண்டாட்டிக்குத் தெரிந்தது மருத்துவருக்கே தெரியாதே, பாவம், அவர் வீணாகப் படித்துவிட்டார்.

தம்பி மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. எங்கள் வீட்டில் முதல் நலங்கு அத்தைதான் வைக்க வேண்டும். நான் ஒரே அத்தை. பிள்ளையில்லாத நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பெண் அவள். அவள் கன்னத்தில் சந்தனம் வைக்கிற அந்த ஒரு நிமிடம் எனக்கு வேண்டும், வேறெதுவும் வேண்டாம். தம்பி பெண்டாட்டி போனில் கூப்பிட்டாள்.

"அண்ணி, போட்டோ எல்லாம் எடுப்பாங்க லா. நீங்க கீழ எல்லாரோடயும் உக்காந்து பாருங்களேன். எங்க அக்கா வெச்சிடட்டும்."

போட்டோவுக்கு என் கை ஆகாதாம்.

அந்த மாதம்தான் மருத்துவர் மெத்தோட்ரெக்செட் எழுதிக் கொடுத்தார். மருந்து கொடுத்த பெண் பொறுமையாக விளக்கினாள். செல்கள் பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். இந்த மருந்து அதன் வேலையைத் தடுக்கிறது. கேன்சர் செல்கள் கண்மண் தெரியாமல் பெருகுவதால் சில கேன்சர்களுக்கு இதைப் பெரிய அளவில் கொடுப்பார்களாம். என் தோலும் அவசர அவசரமாக வளர்கிறது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் காரணமில்லாமல் அதன்மேல் பாய்கிறது. இரண்டையும் அடக்கச் சிறிய அளவே போதுமாம்.

"வாரத்துல ஒரு நாள்தான் ஆன்ட்டி. தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து."

நான் திங்கட்கிழமையைப் பிடித்துக்கொண்டேன். பக்கவிளைவு குறைய ஃபோலிக் அமில மாத்திரை வேறு நாளில். இடையிடையே ரத்தப் பரிசோதனை.

புக்கிட் செந்தோசாவில் என் வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வந்த தம்பி பெண்டாட்டி, வயிறு சரியில்லை என்று என் தேநீரைத் தொடவில்லை. மேசையில் இருந்த மாத்திரைப் பெட்டியை மட்டும் கைப்பேசியில் படமெடுத்துப் போனாள். கூகுளில் தேடிப் பார்த்திருக்கிறாள். கேன்சர் மருந்து!

மறுநாளே ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகச் சொந்தம் படையெடுத்தது. கிட்டவே வராதவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். "முத நலங்கு நீங்கதான் அண்ணி" என்றாள் அவள், மூக்கைச் சிந்திக்கொண்டு. தோல் உரிந்தால் அருவருப்பு, சாகப்போனால் பாசம். என்ன குடும்பமோ! ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சந்தனத்துக்காக, மானங்கெட்டுப் போய், சாகப்போகிறவளாகவே இருந்தேன்.

நலங்கு வைத்தேன். பெண் என் கையைப் பிடித்துக் கன்னத்தில் அழுத்திக்கொண்டாள். எல்லாரும் படமெடுத்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு தம்பி என்னை வீட்டுப் பின்பக்கம் அழைத்துப் போனான். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

"நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா, அக்கா?"

எனக்குத் தாங்கவில்லை. என்னதான் இருந்தாலும் கூடப்பிறந்தவன். "எனக்குக் கேன்சர் இல்லடா. அது இந்தத் தோலுக்குக் குடுத்த மருந்து, கொஞ்சமா, வாரம் ஒருதடவ" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமா."

"அப்பாடா" என்று கண்ணைத் துடைத்தான். பிறகு என் கைகளை விட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய், சவர்க்காரம் போட்டுக் கழுவினான்.